கறுப்பு பம்பர்

அந்தக் காரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஈப்போவில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் வாசலில் வந்து நின்று, "அக்கா, காடிய விக்கிற யோசனை இருக்கா?" என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம் என்பது வரை தெரிந்தால் போதும். மழை வந்தால் மடியில் ஒழுகும். வெயில் வந்தால் மண்டை பிளக்கும். பாசாருக்குப் போனால் காய்கறிக் கூடையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். என் வீட்டுக்காரர் இதை வாங்கிய புதிதில் நான் போட்ட சத்தம் அடுத்த சந்து வரைக்கும் கேட்டிருக்கும். பள்ளிக்கூடக் கேண்டீனில் கால் கடுக்க நின்று நானும் சம்பாதித்தவள்தானே, எனக்குக் கேட்க உரிமை இருந்தது.

இந்தக் காரில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்தவற்றுக்கு முன்னும் பின்னும் கண்ணாடி மாதிரி மின்னுகிற வெள்ளிப் பம்பர். பிறகு வந்தவற்றுக்கு மூக்கையே மூடிவிட்ட மாதிரி ஒரு கனத்த கறுப்பு பம்பர். எல்லாரும் அதை ரப்பர் பம்பர் என்றுதான் சொல்வார்கள். இந்தக் காரை விரும்புகிறவர்கள் உலகம் முழுக்க அடித்துக்கொள்வது இந்த ஒரு பம்பருக்காகத்தான். எங்களுடையது கறுப்பு.

ஈப்போவில் இந்தக் கார் வைத்திருக்கிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் கிளம்புவார்கள். தேவாலயத்துக் காலைப் பூசையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் போகிறாரே என்று எனக்குப் பொருமலாக இருக்கும். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டால் ஆண்டவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று எனக்கே ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். சரி, தனியாக விட்டால் என்னத்தைச் சாப்பிடுவாரோ என்று நானும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பழைய சாலையில் கம்பார், தாப்பா, பீடோர், சில நேரம் சுங்காய் வெந்நீர் ஊற்று வரைக்கும் போய்த் திரும்புவோம்.

வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிப் பம்பர்கள் முன்னால் போகும், கறுப்பு பம்பர்கள் பின்னால் வரும். எங்களுடையது கடைசி. கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார வைத்த மாதிரி எனக்கு வயிறெரியும். "ஒங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று கேட்டால், "கடைசியில போனா நிம்மதி, நம்ம பாட்டுக்குப் போலாம்" என்பார். இந்த மனுசனுக்கு உப்புப் போட்டுச் சமைப்பது தண்டம் என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிப் பம்பர்காரர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறையில் நான் அவருக்குத் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணன். இங்கே அவரை வங்கி அண்ணன் என்றே சொல்கிறேன். நல்ல மனிதர். எனக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் பம்பர் என்று பேச்செடுத்தால் ஆளே மாறிவிடுவார்.

அவர் கட்சி இதுதான். அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள், மெதுவாக மோதினால் விளக்கு உடையக்கூடாது, பம்பர் இன்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்று. அந்தச் சட்டத்துக்காக நன்றாக இருந்த காரைத் தூக்கி நிறுத்தி, முகப்பில் இருந்த அழகான கம்பி வலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இந்தக் கறுப்பை அப்பிவிட்டார்கள். தூக்கி நிறுத்தியதால் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கனமும் கூடிப்போச்சு. முதன்முதலில் வரைந்தவன் இப்படியா வரைந்தான்? "குத்துச்சண்டையில ஒதடு வீங்கினவன் மாதிரி இருக்கு மச்சான். பாக்க எனக்கே வலிக்குதுலா," என்பார்.

கறுப்பு பம்பர்காரர்கள் சும்மா விடுவார்களா? எங்கள் வரிசையில் ஒரு சீன அண்ணன் இருந்தார், தமிழும் நன்றாகப் பேசுவார். பிற்பாடு வந்த கறுப்பு பம்பர் கார்களில் சாய்கிற குறையைச் சரி செய்துவிட்டார்கள் என்பார். உள்ளே சுவிட்சுகளெல்லாம் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும். பேராக் மழைக்கு வெள்ளி புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், கறுப்புக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய பெரிய கோபமெல்லாம் கறுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளியை மாட்டிக்கொள்கிறவர்கள் மேல்தான். உலகமெங்கும் நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். "பிடிக்கலன்னா வேற காடி வாங்கு. எதுக்கு மாறுவேஷம் போடுற?" என்று மேசையில் குத்துவார். கோப்பிக் குவளைகள் ஆடும். நான் என் குவளையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

காது புளிக்கக் கேட்டுக்கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. வளைவு, கனம், துரு எல்லாம் மேலுக்குச் சொல்கிற காரணங்கள். யார் யார் எதை முதன்முதலில் பார்த்து வாயைப் பிளந்தார்களோ அதுதான் அவரவருக்கு அசல் கார். வங்கி அண்ணன் சிறு பையனாக இருந்தபோது ஈப்போ பாடாங் திடல் ஓரமாக ஒரு டாக்டர் வெள்ளிப் பம்பர் காரை நிறுத்திவிட்டுப் போவாராம். பையன் அந்தப் பம்பரில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வானாம். அதைச் சொல்லும்போது அவர் கை தானாகத் தலைக்குப் போகும். இப்போது அங்கே சீவுவதற்கு ஒன்றும் இல்லை. இவரிடம் போய்க் கறுப்புதான் அழகு என்றால் எப்படி ஏறும்?

என் வீட்டுக்காரர் பார்த்தது கறுப்பை. அவர் பிறந்தது சுங்காய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அவர் அம்மா, அதாவது என் அத்தை, அங்கே பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். அந்தத் தோட்டத்துச் சின்ன துரையிடம்தான் இந்தக் கார் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு நாள் காலையில் அத்தை பால் வாளிகளோடு நிறுவைக் கொட்டகைக்கு வருகிறார். காரைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம், அதில் இவரும் ஒருவர். சின்ன துரை நல்ல மனநிலையில் இருந்திருப்பார் போலிருக்கிறது. அத்தையைப் பார்த்துப் பம்பரைக் காலால் தட்டி, "இது என்னா தெரியுமா? எல்லாம் ஒங்க பாலுதான்," என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, அவருக்கே அப்படித்தான் தெரியுமோ. அத்தை வாளிகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பம்பரைத் தொட்டுப் பார்த்தாராம். விடியலுக்கு முன்னால் எழுந்து, கொசுக்கடியில், மரம் மரமாகப் போய் வெட்டிய பால் கப்பலேறிப் போய் இப்படித் திரும்பி வந்திருக்கிறதே என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். லயத்து வீடுகள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இந்தக் கதை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பெண் பார்க்க வந்தபோது கேசரி சாப்பிட்டுக்கொண்டே இதைத்தான் சொன்னார். என்னைப் பார்த்தாரோ இல்லையோ, பம்பரைப் பற்றிப் பேசினார்.

காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அத்தையை எங்களோடு ஈப்போவுக்கு அழைத்து வந்த பிறகுதான் கார் வாங்கினார். விற்கிறவர் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். மற்றவர்கள் என்ஜினைத் திறந்து பார்ப்பார்கள். இவர் முன்பக்கம் குனிந்து, பம்பருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார், கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து, "சரி, எடுத்துக்கிறேன்," என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தை வாசலுக்கு வந்தார். அப்போதே கண் மங்கல். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தடவித் தடவிப் பம்பரின் வலது ஓரத்தைத் தொட்டார். "நம்ம பாலுதானப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நம்ம பாலுதான்."

அத்தை தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தினார். கோவிலில் அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டு முத்துகிற அதே மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அத்தைக்கும் எனக்கும் அடுப்படியில் ஆயிரம் சண்டை இருந்தது, அது வேறு. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் காரைப் பற்றி முனகுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காரில் ஏறும்போதெல்லாம் அத்தை அதைச் செய்தார். சனிக்கிழமை பூசைக்குப் போனாலும் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் வலது ஓரத்தைத் தொட்டு முத்திவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டுதான் ஏறுவார். கறுப்பு பம்பர் வெயிலில் சாம்பல் பூத்துப் போகும். என் வீட்டுக்காரர் மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் தேய்ப்பார். வலது ஓரத்தில் மட்டும் எண்ணெய் தேவைப்படவில்லை. அத்தை கை பட்டுப் பட்டு அது தானாகப் பளபளவென்று இருந்தது.

அத்தை இறந்தபோது இவர் அழவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் பம்பர் கதையை முன்னைவிட அதிகமாகச் சொல்ல ஆரம்பித்தார். பெட்ரோல் நிலையத்தில் யாராவது காரைப் பார்த்தால் போதும். கோப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தால் போதும். "இந்தப் பம்பரு எங்கம்மா வெட்டுன பாலுலா," என்று தொடங்கிவிடுவார். எனக்கே சில நேரம் சலிப்பாக இருக்கும். ஆனால் சொல்லும்போது முகம் மலர்ந்து இருக்கும், அதனால் நான் குறுக்கே பேசமாட்டேன்.

அப்புறம்தான் இவர் கடைசியில் போவதன் காரணத்தைக் கவனித்தேன். சுங்காய்க்குக் கொஞ்சம் முன்னால், பழைய சாலையிலிருந்து அந்தத் தோட்டத்துக்குப் பிரிகிற மண் பாதை வரும். தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். அந்த முனை வந்ததும் இவர் காரை நடை வேகத்துக்குக் குறைப்பார். பாதைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். முனை தாண்டியதும் வேகம் எடுத்து வரிசையோடு சேர்ந்துகொள்வார். பின்னால் யாரும் இல்லாததால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ரோஷம் இல்லாத மனுசன் என்று நான் திட்டியதெல்லாம் இதற்காகத்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

சண்டை பீடோரில் நடந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. வெந்நீர் ஊற்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் வாத்து மீ, அதாவது வாத்துக்கறி நூடுல்ஸ், சாப்பிட இறங்கியிருந்தோம். ஈப்போ பழைய பட்டணத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டப்போகிறார்கள் என்று வங்கி அண்ணன் சொன்னார். முதல் வரிசையில் வெள்ளிப் பம்பர் மட்டும்தான் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். அவருக்கு என் வீட்டுக்காரர் தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. உண்மையான ஆசைதான், அதை நான் மறுக்கமாட்டேன்.

"மாத்திடு மச்சான். சாமானெல்லாம் நான் இங்கிலாந்திலேர்ந்து வரவச்சித் தாரேன். எத்தன வருசம் கடைசியில வருவ?"

"வேணாம்லா. இது எங்கம்மா வெட்டுன பாலு," என்று இவர் சிரித்துக்கொண்டே தொடங்கினார். மேசையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் இருந்தார்கள், கதையைக் கேட்காதவர்கள். இவர் அவர்கள் பக்கம் திரும்பி நிறுவைக் கொட்டகை, வாளி, சின்ன துரை என்று சொல்லிக்கொண்டே போனார். வங்கி அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் கதையை அவர் எத்தனை முறை கேட்டிருப்பார், பாவம்.

"ஐயோ மச்சான், அது ரப்பரே இல்லடா! உள்ள இரும்பு, மேல பிளாஸ்டிக்கு. ஃபேக்டரியில ஊத்துன பிளாஸ்டிக்கு. ஒரு சொட்டு பால் கெடையாது அதுல. இத்தன வருசமா பிளாஸ்டிக்கப் போய் அம்மா அம்மான்னு சொல்லிக்கிட்டு இருக்கியே!"

மேசை முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன். வாயில் மீயோடு, முதுகில் தட்டிக்கொண்டு, நண்பர்கள் சிரிக்கிற சிரிப்பு. சீன அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரும் சிரித்தார். "அப்படியா? எனக்குத் தெரியாம போச்சே," என்றார். எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு அவருடையது இல்லை. அவர் சிரித்தால் தோள் குலுங்கும், அன்றைக்குத் தோள் அசையவில்லை. நான் அந்த வங்கி அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன். அவர் மிளகாயை வெட்டி வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார், என்னைக் கவனிக்கவே இல்லை.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில், "அவரு கெடக்காரு, விடுங்க," என்றேன். "என்னாத்த விடுறது? ஒன்னும் இல்லையே," என்றார்.

சில வாரங்கள் கழித்து அவரே வங்கி அண்ணனைக் கூப்பிட்டு, மாற்றிவிடலாம் என்று சொன்னார். எனக்குப் பகீரென்றது. வங்கி அண்ணனுக்கோ தலை கால் புரியவில்லை. சாமான்கள் வந்தன. ஈப்போவில் பழைய கார்களைப் பழுது பார்க்கிற ஒரு பொமேன் இருந்தார். அவருடைய பட்டறையில் முன்பக்கத் தகட்டை வெட்டி, பழைய தாங்கிகளை அறுத்து எடுத்து, வெள்ளிப் பம்பரும் கம்பி வலையும் மாட்டி, ஸ்பிரிங்கை மாற்றிக் காரைக் கீழே இறக்கினார்கள். அதைப் பார்க்க நானும் போனேன். கறுப்பு பம்பர் இரண்டும் எண்ணெய்த் தரையில் கவிழ்ந்து கிடந்தன. வலது ஓரம் மட்டும் மினுமினுத்தது.

"இத வீட்டுக்குக் கொண்டு போலாம். அடுப்படிக்குப் பின்னால எடம் இருக்கு," என்று சொன்னேன்.

"வேணாம்."

"ஏங்க, அத்தை—"

"வேணாம்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் மற்றவர்கள் முன்னால் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பொமேன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த முறை போனபோது பம்பர்கள் அங்கே இல்லை. பழைய இரும்பு வாங்குகிற லோரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார்கள்.

கார் அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். பட்டணத்துக் காட்சியில் முதல் வரிசையில், வங்கி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றது. யார் வந்து கேட்டாலும் இவர், "ஆமா, நல்ல காடி," என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த சுங்காய்ப் பயணத்தில் எங்களை இரண்டாவதாக விட்டார்கள். முன்னால் வங்கி அண்ணன், பின்னால் ஆறேழு கார்கள். காற்று முகத்தில் அடித்தது. இத்தனை நாளாக மற்றவர்கள் புகையைக் குடித்துக்கொண்டு வந்தோமே, இனிமேல் அது இல்லை என்று எனக்குக்கூட ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. அந்த மண் பாதை முனை வந்தது. இவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும், கார் மெதுவானது. உடனே பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் அடித்தார். இவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். முனை போயே போய்விட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிச் செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சாக்கு வந்தது. முதுகு வலி, மழை வரும் போலிருக்கு, சனிக்கிழமை பூசையை விட்டுட்டேன், ஞாயிறு போகணும். ஆண்டவரே, இந்த மனுசன் பூசைக்குப் போவதைப் பார்த்து நான் வருத்தப்படுகிற காலமும் வந்ததே! கார் கித்தான் மூடிக்குள் உட்கார்ந்தது. வங்கி அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

இப்போது வேடிக்கை என்னவென்றால், காற்று மாறிவிட்டது. புதிதாக வருகிற இளவட்டங்களுக்குக் கறுப்பு பம்பர்தான் வேண்டுமாம். எல்லாரும் வெள்ளியாக மாற்றித் தள்ளிவிட்டதால் அசல் கறுப்பு கிடைப்பதே அரிதாகிவிட்டதாம். வீங்கின உதடு என்று சொன்ன அதே வாய்கள், அந்தக் காலத்துக்கே உரிய தனி முகம் இது என்று பேசுகின்றன. ஈப்போவில் ஒரு பையன் கறுப்பு பம்பரோடு வந்தபோது முதல் வரிசையிலேயே நிறுத்தினார்களாம். சீன அண்ணன் போன் பண்ணி இதைச் சொல்லிவிட்டு, சிரிக்கலாமா அழலாமா என்று கேட்டார். அடப் போங்கய்யா என்று போனை வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வங்கி அண்ணன் இறங்கினார். மெலிந்து போயிருந்தார். பின் கதவைத் திறந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கினார். என் வீட்டுக்காரர் போய் ஒரு பக்கம் பிடித்தார். போர்ட்டிக்கோவில் காருக்கு முன்னால் வைத்து விரிப்பை விலக்கினார்கள். கறுப்பு பம்பர். முன்பக்கத்துக்கானது. சாம்பல் பூத்து, ஒரு மூலையில் கோழி எச்சம் காய்ந்து போயிருந்தது.

"ஆயர் தாவார்ல ஒருத்தரு கோழிக் கூண்டுக்குத் தடுப்பா வச்சிருந்தாரு மச்சான். ஒரு வருசமா தேடுறேன். பின்பக்கத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன்," என்றார் வங்கி அண்ணன். பிறகு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கி பீடோர்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ நம்பிக்கிட்டு இருந்தத நான் ஒடச்சிட்டேன். அது ரப்பரு இல்லன்னு ஒனக்குத் தெரியாம இருந்திருந்தா என்னா கெட்டுப்போச்சு? மனசு கேக்கல மச்சான்."

என் வீட்டுக்காரர் குனிந்து பம்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தெரியும் மச்சான்."

"என்னா தெரியும்?"

"அது ரப்பரு இல்லன்னு. வாங்குன அன்னிக்கே மோந்து பாத்தேன். பால் வாட எனக்குத் தெரியாதா? பொறந்ததிலேர்ந்து அம்மா கையிலயும் சேலையிலயும் அந்த வாடதான். இதுல ஒன்னும் இல்ல. வீட்டுக்கு வந்தா அம்மா தொட்டுட்டு, நம்ம பாலுதானான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

அன்றைக்கு அவர் குனிந்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே.

வங்கி அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பறம் ஏன்டா மாத்துன?"

"அம்மா போனப்பறம் அந்தக் கதைய சொல்றப்போ அவங்க பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கும். நீ சொன்னதுல தப்பு இல்ல மச்சான், உண்மையத்தான் சொன்ன. ஆனா எல்லாரும் சிரிச்சப்போ அம்மாவப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் நான் எப்படி அந்தக் கதைய சொல்றது? சொல்ல முடியாம அத மட்டும் வச்சிக்கிட்டு, பாத்துப் பாத்துச் சாகச் சொல்றியா?"

வங்கி அண்ணன் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை வேலைப் பக்கம் திருப்பப் பார்த்தார். தாங்கிகளை மறுபடியும் ஒட்ட வைத்துவிடலாம், பொமேனிடம் பேசிவிட்டேன், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். தன் கைக்குட்டையை எடுத்துக் கோழி எச்சத்தைத் துடைக்க ஆரம்பித்தார். "பழையபடி கடைசியில வா. இல்ல, முன்னால வா. எங்க வேணும்னாலும் வா மச்சான்."

என் வீட்டுக்காரர் பம்பரின் வலது ஓரத்தில் கையை வைத்துத் தடவினார். மற்ற இடம் மாதிரியே அங்கேயும் சாம்பல் பூத்துத்தான் இருந்தது.

"நீ நல்லதுக்குத்தான் கொண்டுவந்திருக்க," என்றார். "ஆனா இது எங்கம்மா தொட்டது இல்லையே மச்சான்."

வங்கி அண்ணன் துடைப்பதை நிறுத்தினார்.